ஒரு மொழியைச் செய்து பார்த்தால்

(கெலமங்கலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழியைக் காப்பது பற்றிப் பேச நம்மிடம் மேடைகள் நிறைய உண்டு. வளர்ப்பது பற்றிப் பேசவும் ஆள் உண்டு. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் விளையாட்டான தலைப்பு. வெறும் ஒலியையும் வெறும் பொருளையும் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை உலகில் இல்லாத ஒரு மொழியை எப்படிச் செய்வது? செய்தவர்கள் யார், அவர்கள் மொழிகள் என்ன ஆயின? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இது எங்கோ வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். செய்யப்பட்ட மொழி ஒன்றை நீங்கள் எல்லோருமே காதால் கேட்டிருக்கிறீர்கள். 2015 ஜூலையில் 'பாகுபலி' வந்தது. ஓசூர்ப் பக்கத்தில் அதைத் தமிழில் பார்த்தவர்கள் உண்டு, தெலுங்கில் பார்த்தவர்கள் உண்டு. எதில் பார்த்தாலும் காலகேயர் தலைவன் வாயைத் திறந்தபோது வந்தது ஒரே மொழி. அதன் பெயர் கிளிக்கி. செய்தவர் நம் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் கணினி அறிவியலில் ஆய்வு மாணவராக இருந்தபோது, குழந்தைகளோடு விளையாடுவதற்காக 'கிளிக்' என்று சுமார் 100 சொற்களில் ஒரு குட்டி மொழியை அவர் செய்திருந்தார். இயக்குநர் ராஜமௌலி, போருக்கு வரும் ஒரு கூட்டத்துக்குத் தனி மொழி வேண்டும் என்றபோது, அந்த விளையாட்டு கைகொடுத்தது. படத்துக்காக அது சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக விரிந்தது. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, அதைக் கற்க ஓர் இணையதளமே திறக்கப்பட்டது. அப்போது சொற்கள் ஏறத்தாழ 3,000.

சரி, இதைப் பேச ஏன் கெலமங்கலம்? ராயக்கோட்டைக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போகும் பேருந்தில் ஏறி அரைமணி நேரம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். இப்போது ஆலைகளுக்கு வந்திருப்பவர்களால் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. ஒரே தக்காளிக் கூடையை மூன்று மொழியில் விலை பேசுகிறவர்கள் நீங்கள். மொழி என்பது பல முடிவுகளின் தொகுப்பு என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை மற்ற ஊர்க்காரர்களுக்கு. உங்களுக்கு அது சந்தைக்குப் போனாலே தெரியும். நான் செய்யப் போவதெல்லாம், உங்களுக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் வரிசைப்படுத்துவதுதான்.

முதலில், எது மொழி ஆகாது என்று பார்த்துவிடுவோம்.

பள்ளிக்கூடத்தில் 'க பாஷை' பேசாத பிள்ளைகள் குறைவு. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட வேண்டும். 'நீ வா' என்பது 'கநீ கவா' ஆகிவிடும். வேகமாகப் பேசினால் பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்குப் புரியாது. அவரும் சின்ன வயதில் பேசியிருந்தால் புரிந்துவிடும், அது வேறு விஷயம்.

அடுத்தது, நன்னூல் சொல்லும் குழூஉக்குறி. ஒரு தொழில் செய்யும் கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று உரைகளில் படித்திருப்பீர்கள். மூன்றாவது, மாட்டுச் சந்தைத் தரகு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. நான்கு பேர் சுற்றி நின்றாலும் விலை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றும் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் க பாஷையில் மாறுவது ஒலி மட்டும், உள்ளே இருப்பது முழுத் தமிழ். குழூஉக்குறியில் மாறுவது பத்து இருபது சொற்கள், அவற்றைக் கோக்கும் இலக்கணம் தமிழ். துண்டுக்கடி விரலுக்கு எண் மட்டும்தான் தெரியும். 'இந்த மாடு முட்டுமா?' என்று அதில் கேட்க முடியாது. இவை எல்லாம் ஏற்கெனவே உள்ள மொழிக்குப் போட்ட மூடி. புதிய மொழி என்றால், ஒலி, சொல், சொற்களைக் கோக்கும் முறை என்று மூன்றிலும் அது தன் சொந்த முடிவுகளை எடுத்திருக்க வேண்டும்.

ஒலியிலிருந்து தொடங்குவோம்.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. உள்ளிருந்து எழும் காற்று எங்கே தங்கி, நாக்கும் இதழும் பல்லும் அண்ணமும் எப்படிச் சேர்ந்து எந்த எழுத்தைப் பிறப்பிக்கின்றன என்று அது வரிசையாகச் சொல்கிறது. மொழி செய்ய நினைப்பவர் கையில் எடுக்க வேண்டிய முதல் வரைபடம் அதுதான். வாய் என்ற பட்டறையில் என்னென்ன கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யலாம்?

விடுவதுதான் முக்கியம். மனித வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. எந்த மொழியும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டதிலும், எந்த வேறுபாட்டைக் கணக்கில் வைப்பது என்பது இன்னொரு முடிவு. 'காகம்', 'தங்கம்' இரண்டிலும் 'க' இருக்கிறது. ஆனால் 'காகம்' என்பதன் முதல் ஒலியும், அதன் நடு ஒலியும், 'தங்கம்' என்பதில் வரும் ஒலியும் மூன்று விதம். தமிழ் அந்த மூன்றையும் ஓர் எழுத்தில் அடக்கிவிட்டது. ஒலி எங்கே வருகிறது என்பதே எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். கன்னடமும் தெலுங்கும் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து வைத்திருக்கின்றன. அதற்குப் பதிலாக நாம் இன்னோர் இடத்தில் கறாராக இருக்கிறோம். விலை, விளை, விழை மூன்றும் நமக்கு வேறு வேறு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெலுங்குக்காரர் மூன்றாவதைக் கேட்டுக் கொஞ்சம் தயங்குவார்.

அடுத்த முடிவு, எந்த ஒலி எங்கே நிற்கலாம் என்பது. பழந்தமிழில் ட, ர, ல ஆகியவை சொல்லின் முதலில் வராது. அதனால்தான் ராமன் 'இராமன்' ஆனான். வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. அதனால்தான் ஆலை வாசல் 'கேட்டு' ஆனது, வேலை நேரம் 'ஷிப்டு' ஆனது. பிந்தைய விதியை நம் நாக்கு இன்றைக்கும் காவல் காக்கிறது. முந்தைய விதியை நாம் என்றோ விட்டுவிட்டோம். ரயில், லாரி, டீ என்று கூசாமல் சொல்கிறோம். விதி உயிரோடு இருக்கிறதா என்பதை நாக்குதான் தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் மொழி செய்கிறவர்களின் ஒரு பெரிய இரகசியத்தைச் சொல்கிறேன். அதை நீங்கள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பால், ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. பூ, ஹூவு. தமிழில் 'ப' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வருகிறது. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் 'ப' தான். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரே ஒரு மாற்றம் நூற்றுக்கணக்கான சொற்களை வரிசையாகத் திருப்பிவிட்டது. தெலுங்கு அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே இன்னும் பாலுதான், புலிதான். ஆனால் தெலுங்கும் கன்னடமும் பெரும்பாலும் சொல்லை உயிரில் முடிக்கின்றன. பால் தெலுங்கில் 'பாலு' ஆகிறது, கன்னடத்தில் 'ஹாலு' ஆகிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த டோல்கீன் இதைத்தான் செய்தார். 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய 'மோதிரங்களின் தலைவன்' கதைக்கு முன்னாலேயே, பல பத்தாண்டுகளாக அவர் மொழிகளைச் செய்துகொண்டிருந்தார். முதலில் ஒரு தாய்மொழியைக் கற்பனை செய்தார். அதன் மேல் ஒலி மாற்ற விதிகளை ஒரு வரிசையில் ஏற்றினார், க்வென்யா என்ற மொழி வந்தது. வேறு விதிகளை ஏற்றினார், சிந்தாரின் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் பாலும் ஹாலும் போல உறவு தெரியும். மொழிக்குப் பழமையின் வாசனை வேண்டுமென்றால், சொல்லை நேரே செய்யக் கூடாது. சொல்லின் பாட்டியைச் செய்துவிட்டு, பேத்தி வரை நடத்திக் கொண்டுவர வேண்டும்.

நாமும் கொஞ்சம் செய்து பார்ப்போம். அ, இ, உ என்று மூன்று உயிர். ப, த, க, ம, ன, ல என்று ஆறு மெய். இவ்வளவு போதுமா? பெருக்கினால் 18 உயிர்மெய். ஈரெழுத்துச் சொற்கள் 324 கிடைக்கும். மூன்றெழுத்து என்றால் 5,832. ஓர் ஊரே பேசலாம். கனடாவின் சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா என்ற மொழி 14 ஒலிகளையும் ஏறத்தாழ 120 அடிப்படைச் சொற்களையும் வைத்துக்கொண்டே நடக்கிறது. ஒலிப் பஞ்சத்தால் எந்த மொழியும் சாகாது.

கஷ்டம் பொருளில் தொடங்குகிறது. எந்த ஒலிக்கு எந்தப் பொருள்?

1668இல் இங்கிலாந்தில் ஜான் வில்கின்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். உலகில் உள்ள எல்லாப் பொருள்களையும் 40 பெரும் பிரிவுகளாகப் பிரித்தார். பிரிவுக்கு ஓர் அசை, உட்பிரிவுக்கு ஒரு மெய், அதன் கிளைக்கு ஓர் உயிர். 'தெ' என்றால் பூதம். 'தெப்' என்றால் பூதங்களில் முதலாவதான நெருப்பு. 'தெப' என்றால் நெருப்பின் ஒரு வகையான சுடர். சொல்லைக் கேட்டவுடன் அந்தப் பொருள் உலகில் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எவ்வளவு அழகான திட்டம்!

நடைமுறையில் ஏன் தோற்றது? நெருங்கிய பொருள்களுக்கு நெருங்கிய பெயர் கிடைத்துவிடுகிறது. ஓர் எழுத்து மாறினால் பக்கத்துப் பொருள் வந்துவிடும். வில்கின்ஸே தம் நூலில் ஓரிடத்தில் துலிப் மலருக்கு எழுத வேண்டிய சொல்லில் ஓர் எழுத்தை மாற்றிப் பார்லி என்று எழுதிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சந்தையை நினைத்துப் பாருங்கள். பீன்ஸும் அவரையும், கோஸும் காலிஃப்ளவரும் கடைசி எழுத்தில் மட்டும் வேறுபட்டால், லாரிச் சத்தத்துக்கு நடுவே ஏலம் நடக்குமா? அடிக்கடி ஒரே இடத்தில் புழங்கும் பொருள்களுக்குத்தான் நன்றாக வேறுபட்ட பெயர் வேண்டும். வில்கின்ஸின் அலமாரி நேர்மாறாக வேலை செய்தது.

தொல்காப்பியர் இதை வேறு விதமாகக் கண்டிருந்தார். எல்லாச் சொல்லுக்கும் பொருள் உண்டு என்று சொன்னவர், ஒரு சொல் ஏன் அந்தப் பொருளைக் குறிக்கிறது என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்றும் சொல்லிவைத்தார். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை, எடுப்பாகத் தோன்றாது என்கிறார். பின்னால் நன்னூல் இடுகுறி, காரணம் என்று இரண்டாகப் பகுத்தது. மொழி செய்கிறவருக்கு இது நல்ல வழிகாட்டல். அடிச்சொற்களை இடுகுறியாக வை. அவற்றிலிருந்து மேலே கட்டுவதைக் காரணத்தோடு கட்டு.

தமிழில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. தீ, பூ, கை, மா, ஈ. தீ ஏன் தீ என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அ, இ, உ என்ற சுட்டையும் எ என்ற வினாவையும் பாருங்கள். அவன், இவன், உவன், எவன். அங்கு, இங்கு, உங்கு, எங்கு. அப்போது, இப்போது, எப்போது. முதல் எழுத்து தூரத்தைச் சொல்கிறது, மீதி ஆளா இடமா நேரமா என்று சொல்கிறது. மொழி செய்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு அமைக்கும் கட்டமைப்பு இது. எஸ்பெராண்டோ என்ற மொழியில் இதே போன்ற சொற்களை 45 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள்.

கார்க்கியின் கிளிக்கியிலும் இப்படி ஒரு காரணம் உண்டு. 'நான்' என்பதற்கு 'மின்'. 'நீ' என்பதற்கு 'நிம்'. ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று. எதிரெதிரே நிற்கும் இருவருக்கு எதிரெதிரான ஒலி. பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் சூத்ரு என்பவர் ஏழு இசை ஸ்வரங்களை மட்டும் வைத்து சொல்ரெசோல் என்ற மொழியைச் செய்தபோது, பல சொற்களுக்கு இதே உத்தியைக் கையாண்டார். ஸ்வரத்தைத் திருப்பினால் எதிர்ப்பொருள். அந்த மொழியைப் பாடலாம், வயலினில் வாசிக்கலாம், ஏழு நிறங்களால் காட்டவும் செய்யலாம்.

ஒலியும் சொல்லும் ஆயிற்று. இனி கோக்கும் முறை. நம் 18 எழுத்து மொழிக்கே திரும்புவோம். 'ப' என்றால் நான். 'பி' என்றால் நீ. 'லிபு' நீர். 'தகி' குடிப்பது. 'ப லிபு தகி.' நான் நீர் குடிக்கிறேன். முன்வரிசை மாணவர்களில் சிலர் ஏற்கெனவே சொல்லிப் பார்க்கிறார்கள், நல்லது.

இப்போது 'நாம்' வேண்டும். உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேறு, கேட்கிறவரை விட்டுவிடும் 'நாங்கள்' வேறு என்று தமிழ் பிரிக்கிறது. தெலுங்கிலும் 'மனமு', 'மேமு' என்று இரண்டு உண்டு. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றுதான். 'நாவு ஊட்டக்கெ ஹோகோண' என்று கன்னடக்காரர் அழைத்தால் நமக்கும் சேர்த்துச் சாப்பாடு என்பதை அந்த 'ஹோகோண' என்ற வினையிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மொழிக்கு எளிய வழி இருக்கிறது. நானும் நீயும் சேர்ந்தால் 'பபி', அது நாம். நானும் என்னைச் சேர்ந்தவர்களும் 'பப', அது நாங்கள். 'பிபி' நீங்கள். பாப்புவா நியூகினியில் லட்சக்கணக்கானவர்கள் பேசும் டோக் பிசின் மொழியில் கிட்டத்தட்ட இதே வழியில் 'யூமி' என்ற சொல் பிறந்தது. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாடு அது. ஆங்கிலச் சொல் துண்டுகளை வைத்தே தங்களுக்கு வேண்டிய வேறுபாட்டை அந்த மக்கள் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்து, அவன், அவள், அது. தமிழ் 'வந்தான், வந்தாள், வந்தது' என்று மூன்றாகப் பிரிக்கிறது. தெலுங்கில் ஆணுக்கு 'வச்சாடு', பெண்ணுக்கும் அஃறிணைக்கும் சேர்த்து 'வச்சிந்தி'. உலகம் ஒன்றுதான், கோடு கிழிக்கும் இடம் வேறு. அதற்குப் பக்கத்திலேயே மரியாதை. நீ, நீங்கள், 'மீரு', 'நீவு' என்று நம் பகுதி மொழிகள் மூன்றும் மரியாதைக்குப் பன்மையைக் கடன் வாங்குகின்றன. நம் புதிய மொழியில் மேஸ்திரியை 'பி' என்பதா, 'பிபி' என்பதா? இது இலக்கணக் கேள்வி போலத் தெரியும். ஆனால் இதற்குப் பதில் சொல்லும்போது, எப்படிப்பட்ட ஊரில் வாழ விரும்புகிறோம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்ல இரண்டு வழிகள். இடத்தால் சொல்லலாம், உருபால் சொல்லலாம். 'முருகன் பாம்பைக் கொன்றான்' என்பதைத் தமிழில் எப்படிக் கலைத்தாலும் பாம்புதான் சாகும், ஏனென்றால் 'ஐ' அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' படங்களின் கிளிங்கன் இனத்துக்கு மொழி செய்த அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட், வேண்டுமென்றே செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். உலக மொழிகளில் மிக அரிதான வரிசைகளில் ஒன்று அது. கேட்பவருக்கு அந்நியமாக இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1985இல் அதன் அகராதி வந்தது, பின்னால் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' கூட அதில் பெயர்க்கப்பட்டது.

நோக்கம் என்றேன். அங்கேதான் மொழிகள் பிரிகின்றன. காலகேயரும் கிளிங்கனும் நம்மை மிரட்டுவதற்காகப் பேசினார்கள். வேறொரு மொழி மனிதரை மனிதரோடு சேர்ப்பதற்காகப் பிறந்தது.

இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்டாக் அப்போது ரஷ்யப் பேரரசின் ஊர். ரஷ்யர், போலந்தினர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு கூட்டத்தார், நான்கு மொழிகள், தீராத பகை. 1859இல் அங்கே பிறந்தவர் லுட்விக் சாமன்ஹாஃப். பின்னால் கண் மருத்துவர் ஆனார். ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளாததால்தான் இந்தப் பகை என்று சிறுவயதிலேயே நம்பினார். 1887இல் வார்சாவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆசிரியர் பெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ', அதாவது நம்பிக்கை கொண்டவர். அந்தப் புனைபெயரே மொழியின் பெயர் ஆகிவிட்டது.

அதன் கட்டமைப்பைத் தமிழர்கள் எளிதில் ரசிப்பார்கள், ஏனென்றால் அது ஒட்டுநிலை மொழி. பெயர்ச்சொல் எல்லாம் 'ஒ' என்று முடியும், பெயரடை 'அ' என்று முடியும். 'மல்' என்று முன்னால் சேர்த்தால் எதிர்ப்பொருள். 'போன' நல்லது, 'மல்போன' கெட்டது. மருத்துவமனைக்கு 'மல்சானுலேயோ'. பிரித்துப் பாருங்கள்: நலம் என்ற அடி, அதற்கு எதிர்மறை, அப்படிப்பட்ட ஆள், அவர் இருக்கும் இடம், பெயர் விகுதி. நம் 'வாராதவர்களுக்கு' என்ற சொல்லைப் பிரிப்பது போலவே இருக்கிறது. குறை இல்லாமலும் இல்லை. தந்தை 'பாத்ரோ', தாய் 'பாத்ரீனோ'. ஆணிலிருந்து பெண்ணை வருவிப்பது ஏன் என்று இன்றுவரை அங்கே சண்டை நடக்கிறது.

எஸ்பெராண்டோவுக்குச் சற்று முன்னால் 1880 வாக்கில், ஜெர்மனியில் ஷ்லையர் என்ற பாதிரியார் வோலாபுக் என்று ஒரு மொழி செய்திருந்தார். ஐரோப்பா முழுவதும் சங்கங்கள், இதழ்கள். 1889இல் பாரிஸ் மாநாடே அந்த மொழியில் நடந்தது. ஆனால் இலக்கணத்தில் ஒரு சிறு மாற்றம் வேண்டுமென்றாலும் தம் ஒப்புதல் வேண்டும் என்று ஷ்லையர் பிடிவாதம் பிடித்தார். கூட்டம் உடைந்தது, சில ஆண்டுகளிலேயே மொழி அடங்கிவிட்டது. சாமன்ஹாஃப் தம் முதல் நூலிலேயே உரிமையைத் துறந்தார். 1905இல் பிரான்சின் பூலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, இந்த மொழி யாருக்கும் சொத்தில்லை என்று அறிவித்தது. இலக்கணத்தின் தரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒன்று பிழைத்ததற்கும் மற்றது அடங்கியதற்கும் பெரிய காரணம், செய்தவர் கையை எடுத்தாரா என்பதுதான்.

செய்யப்பட்ட மொழிக்காக யாரும் உயிர் கொடுக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். உலகத் தாய்மொழி நாள் 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காக உயிர் விட்டவர்களின் நினைவு நாள், அந்த உயர்வு வேறு எதற்கும் வராது என்பது உண்மை. ஆனால் எஸ்பெராண்டோ பேசியவர்களை ஹிட்லரின் ஆட்சியும் வேட்டையாடியது, ஸ்டாலினின் ஆட்சியும் வேட்டையாடியது. சாமன்ஹாஃப் 1917இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஆதாம் 1940இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோபியாவும் லிடியாவும் 1942இல் ட்ரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார்கள். யூதர்கள் என்பதற்காக. எல்லோருக்கும் பொதுவான மொழி என்ற எண்ணமே அந்த ஆட்சிகளுக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு எஸ்பெராண்டோவைத் தாய்மடியிலேயே கற்று வளர்ந்தவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

கடைசியாக, செய்தவர் என்று ஒருவரே இல்லாத மொழியைச் சொல்லி முடிக்கிறேன். 1970களின் இறுதியிலும் 1980களிலும் மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்கு முதல்முறையாகப் பெரிய பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கச் சொல்லித்தந்தார்கள். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் வீட்டில் பழகிய கைச்சாடைகளை ஒன்றுசேர்த்தார்கள். முதலில் வந்தவர்களிடம் அது சாடைகளின் கலவையாக இருந்தது. அடுத்து வந்த சிறு பிள்ளைகளின் கையில் அதற்கு முறையான இலக்கணம் வந்துவிட்டது. மொழியியலாளர்கள் கண்முன்னே ஒரு மொழி பிறந்தது. டோக் பிசினும் அப்படித்தான். தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த பல தீவுக்காரர்களின் அரைகுறைப் பேச்சு, அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழி ஆனது, இன்று ஒரு நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று.

நம் உத்தனப்பள்ளி, கெலமங்கலம் பகுதி ஆலை விடுதிகளில் தமிழ்நாட்டுப் பெண்களும் ஜார்க்கண்டு, ஒடிசாப் பெண்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பாதித் தமிழ், பாதி இந்தி, நடுவே இயந்திரத்தின் ஆங்கிலப் பெயர், மீதி கையசைப்பு. அதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். பல மொழிகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இருபது ஒலிக்கு மேல் எடுக்காதீர்கள். ஐம்பது சொல் செய்யுங்கள். ஐந்தே விதி. அவற்றில் ஒரு விதியாவது நாம், நாங்கள் போல எதை வேறுபடுத்துவது என்று சொல்லட்டும். எழுதி முடித்ததும் நண்பன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் அவன் ஏதாவது ஒரு சொல்லைத் தவறாகச் சொல்வான், வசதிக்காக ஒரு விதியை வளைப்பான். திருத்தாதீர்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷ்லையர் செய்யத் தவறியது அதுதான்.

இந்த வேலையை முடித்துவிட்டுத் தமிழ் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால், இதுவரை மதிப்பெண்ணுக்காகப் படித்தவை எல்லாம் வேறு மாதிரித் தெரியும். மொழிமுதல் எழுத்து, வேற்றுமை, சுட்டு, திணை எல்லாமே யாரோ எடுத்த முடிவுகள். எடுத்தவர்களின் பெயர் இல்லை, கோடிக்கணக்கானவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசிப் பேசி எடுத்தவை. பக்கத்து வீட்டுத் தெலுங்கும் கன்னடமும் அதே கேள்விகளுக்கு வேறு விடை கண்டிருக்கின்றன. ஒரு சின்ன மொழியைச் செய்து பார்த்தவருக்குத் தன் மொழி மீது மதிப்பு கூடும், அடுத்தவர் மொழியைக் கேலி செய்யும் துணிச்சல் குறையும்.

இனி கேள்விகளைக் கேளுங்கள். தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கேட்கலாம், தெரிந்தவர்கள் பெயர்த்துச் சொல்வார்கள். இன்று நாம் செய்த மொழியில் மட்டும் கேட்க முடியாது. அதற்கு இன்னும் வினா எழுத்தை வைக்கவில்லை. அதை வைக்கும் பொறுப்பு முன்வரிசைக்கு.